ஐந்து சோழிப் புளுகு

சிப்பித்துறையில் வைகாசி மாதம் மழை பெய்ததற்கு இஞ்ஞாசி மச்சாதுதான் காரணம் என்பது ஊருக்குத் தெரிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தெரிந்த பிறகு அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. ஏனென்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமுமாகக் கிடக்கிற ஊரில், குடிதண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை லாரியில் வருகிற ஊரில், மழை என்று ஒன்று வந்தால் அதற்கு யாராவது ஓர் ஆள் பொறுப்பாக இருந்துதான் தீர வேண்டும் என்று எல்லாரும் முன்பே நம்பியிருந்தார்கள். அந்த ஆள் யார் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

மச்சாதுவுக்கு ஐம்பத்து நான்கு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இருபத்தாறு வருடத்தில் ஒரு மூட்டையைக்கூட அவர் கீழே விட்டதில்லை. ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பார், தெருவின் அந்தக் கடைசியில் ஒரு சைக்கிள் வந்தால் அது இந்தக் கடைசிக்கு வந்து போகும்வரை சாலையைக் கடக்க மாட்டார், மனைவி பிலோமி தரும் காப்பியை முதலில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உதட்டுக்குக் கொண்டுபோவார். பிலோமி அப்படியில்லை. கொதிக்கிற காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, லாரி வருமுன்பே தெருமுனையில் முதல் குடத்தை வைத்துவிட்டு, "நான் விடிகாலை நாலு மணிக்கே வந்துட்டேன்" என்று ஐந்தரை மணிக்கு வந்து சொல்லக்கூடியவள்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் கடற்காற்று மனமகிழ் மன்றம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயிலில் இரண்டாம் பூசை முடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடுவரை அங்கே போக்கர் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் ரோச். கிரேக்கக் கப்பல்களில் முப்பது வருடம் சமையல் செய்துவிட்டுத் திரும்பியவர். ஆளுக்கு ஐந்து சீட்டு. கையில் இருப்பதன்மேல் எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு சோழியை நடுவில் தள்ள வேண்டும். மற்றவர்கள் ஒன்று அதே அளவு தள்ள வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். எல்லாரும் கவிழ்த்துவிட்டால், தள்ளியவர் சீட்டைக் காட்டாமலே ஜெயிப்பார். காசு வைத்து ஆடக் கூடாது என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் சோழி. தோற்றவர், மற்ற எல்லாருக்கும் முந்திரி மக்ரூன் வாங்கித் தர வேண்டும்.

"கையில ஒண்ணுமில்லாதவனும் ஜெயிக்கலாம்னு இருக்கது இந்த ஒரு ஆட்டத்துலதான் வே," என்பார் ரோச். "ஆனா அவனவன் குணத்துக்கு ஏத்த மாதிரி ஆடணும். அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தா ரெண்டு தெரு தாண்ட மாட்டீரு." அவர் கணக்கில் ஆட்டக்காரர்கள் நான்கு ஜாதி. ஆபத்தில்லை என்று தெரிந்தால் மட்டும் வெளியே வருகிறவன் நண்டு. ஒற்றைக்காலில் நின்று நின்று, பெரிய மீன் வரும்போது மட்டும் கொத்துகிறவன் கொக்கு. வாடை பட்டாலே பாய்கிறவன் சுறா. அலை எந்தப் பக்கம் போனாலும் கூடவே போகிறவன் சொறி மீன். உப்பள முதலாளி கோயில்பிள்ளை அண்ணாச்சி சுறா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரோச் தன்னைக் கொக்கு என்று சொல்லிக்கொண்டார். மச்சாது எது என்று ஒருமுறை கேட்டபோது ரோச் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நீரு நண்டுகூட இல்ல வே. நண்டு வளை," என்றார்.

பதினோரு வருடமாக மச்சாது சீட்டை வாங்குவார், பார்ப்பார், கவிழ்ப்பார். வைகாசி முதல் ஞாயிறு அன்று அவர் சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே கோயில்பிள்ளை அண்ணாச்சி, "மச்சாது எப்பிடியும் கவுத்திருவாரு. நீரு சொல்லும் ரோச்சு," என்று அவரைத் தாண்டிப் போய்விட்டார். அதில் கேலிகூட இல்லை. வழியில் கிடக்கும் தூணைச் சுற்றிக்கொண்டு போவதுபோல இயல்பாகச் சொன்னார். மச்சாதுவுக்கு அதுதான் தாங்கவில்லை.

சீட்டை எடுத்துப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து சீட்டுகள், பழைய பகையாளிகள் ஒரே பஸ்ஸில் ஏறியதுபோல. நாற்பது சோழியை முழங்கையால் அணைத்து நடுவே தள்ளினார்.

"போட்டிருக்கேன்," என்றார்.

அண்ணாச்சி கையில் இரண்டு ராஜா இருந்தன. அவர் மச்சாதுவின் முகத்தைப் பார்த்தார், சோழிக் குவியலைப் பார்த்தார். "மச்சாது போடுதாருன்னா கையில என்ன இருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு," என்று சொல்லிக் கவிழ்த்தார். ரோச்சும் கவிழ்த்தார். மச்சாது சோழியை வாரி எடுக்கும்போது தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாமல். இருபது நிமிடம் பெய்தது. தெருவில் குழந்தைகள் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு ஓடின, பெண்கள் குடம், அண்டா, குழம்புச் சட்டி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாசலில் வைத்தார்கள், கோயில்பிள்ளை அண்ணாச்சி மட்டும் செருப்பைக்கூடப் போடாமல் அளத்துக்கு ஓடினார். பாத்திகளில் நாற்பது நாளாகக் கட்டியிருந்த உப்பு, அவர் போய்ச் சேர்ந்தபோது, தான் ஒரு காலத்தில் கடலாக இருந்ததை நினைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஞாயிறும் பெய்தது. மூன்றாவது ஞாயிறு மச்சாது முதலில் மூன்று ராணிகளை வைத்துக்கொண்டு நாற்பது சோழி தள்ளினார். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல வெளுத்துக் கிடந்தது. அடுத்த ஆட்டத்தில் ஒன்றுமில்லாமல் இருபது தள்ளினார். கூரை தடதடத்தது. முப்பது வருடம் வானத்தைப் பார்த்துக் குழம்பு கூட்டி வைத்த ரோச், எழுந்து வந்து மச்சாது கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளைப் புரட்டிக் காட்டினார்.

"இங்க பாருங்க வே. இந்த மனுசன் புளுகுனா மழை பெய்யுது."

அன்றைக்கே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஐந்து சோழிக்குப் புளுகினால் மன்றத்துத் தெரு மட்டும் நனைந்தது, பத்துக்குப் புளுகினால் மாதாகோயில்வரை, இருபதுக்கு ஊர் முழுக்க, நாற்பதுக்கு ஊரையும் தாண்டி அளம்வரை. உட்கார்ந்திருந்தவர்கள் மக்ரூன் தின்றபடி இதைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு மன்றத்தின் சுவரை ஒட்டி அறுபத்தெட்டுக் குடங்கள் வரிசையில் நின்றன.

ஊர் தன் வழக்கப்படி இதையும் தன் சௌகரியத்துக்கு மடித்து வைத்துக்கொண்டது. குடை விற்கிறவர் கடைத்தெருவை விட்டு மன்றத்து வாசலுக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகைகளில் நாள், நேரம், இடம் இவற்றுக்குக் கீழே "அன்றைய தினம் திரு. மச்சாது அவர்கள் சீட்டாட மாட்டார்கள்" என்று ஒரு வரி சேர்ந்தது. பங்குச் சாமியார், வாயால் சொல்லாத பொய்க்குப் பாவ அறிக்கையாகிய பாவசங்கீர்த்தனம் உண்டா என்று பெரிய புத்தகங்களைப் புரட்டிவிட்டு, உண்டு என்று முடிவு செய்தால் மழை நின்றுபோகும் என்பதால், இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நகராட்சியில் குடிநீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். கேட்டவர்களுக்கு எழுத்தர் ஒரு கோப்பைக் காட்டினார். "இஞ்ஞாசி மச்சாது வழியாக மாற்று ஏற்பாடு நடைமுறையில் உள்ளது" என்று அதில் தட்டச்சு செய்து, கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பதினோரு வருடம் வழியில் கிடந்த தூணாக இருந்த மச்சாதுவைக் கண்டதும் இப்போது தெருவில் நாற்காலி போட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் அவர் தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஆனி பிறந்து இரண்டாவது வாரத்தில் ஒரு மாலை, முத்துக்கனி அவர் வீட்டுக்கு வந்தாள். அண்ணாச்சியின் அளத்தில் உப்பு வாருகிறவள். வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்து எந்நேரமும் கண்ணை இடுக்கியே வைத்திருப்பாள். பிலோமி அவளை உட்காரச் சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மச்சாது உள்ளறையில் சட்டை மாட்டிக்கொண்டே நின்றுவிட்டார்.

"காப்பி நல்லாருக்குக்கா," என்றாள் முத்துக்கனி. "உப்புக் கரிக்கல."

"மழைத் தண்ணி. எங்க வீட்டுக்காரரு புண்ணியம்."

"அதத்தான் சொல்ல வந்தேன். அண்ணன் நாப்பது சோழிக்குப் புளுகுனா எங்களுக்குப் பன்னெண்டு நாள் வேலை இல்ல. பாத்தி மறுபடி காயணும், மறுபடி மிதிக்கணும், மறுபடி தண்ணி கட்டணும். வேலை இல்லாத நாளைக்குக் கூலி கிடையாது."

"லாரி வராத நாள்ல நான் இந்த முட்டியை வச்சுக்கிட்டு மூணு மைல் தள்ளிப்போய் தண்ணி எடுத்தவ முத்துக்கனி. இருபத்தொம்பது வருசம்."

"நானும் அங்ஙனதான் எடுத்தேன். எனக்கு உங்களுக்குப் பின்னால ஆறாவது குடம்."

பிலோமி எழுந்துபோய் ஒரு குடம் மழைத் தண்ணீரை எடுத்து வந்து முத்துக்கனியின் இடுப்பில் வைத்துவிட்டாள். அவள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. மச்சாது போட்ட சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார்.

மன்றத்தில் பொதுக்கூட்டம் கூடியது. ஒரு மனிதன் எப்படிச் சீட்டாட வேண்டும் என்று முடிவு செய்ய ஊரே கூடியது அதுதான் முதல் தடவை. தையிலிருந்து புரட்டாசிவரை உப்புக் காலம், அதனால் அந்த ஒன்பது மாதமும் மச்சாது நண்டாக ஆட வேண்டும், ஐப்பசி பிறந்ததும் சுறாவாக ஆடலாம் என்று கோயில்பிள்ளை அண்ணாச்சி தீர்மானம் கொண்டுவந்தார்.

"ஐப்பசியில எங்க வீட்டுப் பூனை ஆடினாலும் மழை பெய்யும் அண்ணாச்சி," என்றாள் பிலோமி.

கடைசியில் ரோச்தான் வழி சொன்னார். இருபது சோழிக்குமேல் புளுகினால்தான் அளம் நனைகிறது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு மேஜை போட்டு, மச்சாது அங்கங்கே போய் ஐந்து ஐந்து சோழியாகப் புளுகினால் ஊருக்குத் தண்ணீர் கிடைக்கும், உப்பும் கரையாது. "ஆனா அளவு பிசகக் கூடாது. அதுக்குக் கை வேணும். இந்த ஊர்ல அந்தக் கை இவருக்குத்தான் இருக்கு. கப்பல் மேல்தளத்துல முட்டைக் கூடையை இறக்கி வைக்கிற ஆளு."

மச்சாது எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள்.

அடுத்த நான்கு ஞாயிறுகள் சிப்பித்துறையின் பொற்காலம் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். மச்சாது காலையில் கிளம்பித் தெருத்தெருவாகப் போவார், மேஜையில் உட்காருவார், மோசமான சீட்டு வரும்வரை காத்திருப்பார், ஐந்து சோழியை நகர்த்துவார், அந்தத் தெருவுக்கு மட்டும், தெருவின் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீட்டின் கொடிக்கயிற்றோடு நிற்கிற மாதிரி, ஒரு மழை பெய்யும். பக்கத்துத் தெருவில் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய சாமர்த்தியமும் ஊரின் தேவையும் ஒன்றாகியிருந்தன. குணம் மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

ஐந்தாவது ஞாயிறு மழை பன்னீர் தெளித்ததுபோல விழுந்தது. ஆறாவது ஞாயிறு பனிபோல. ஏழாவது ஞாயிறு மச்சாது ஐந்து சோழியை நகர்த்த, எதிரே இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஐந்து சோழியை நகர்த்தினார். ஒன்றும் விழவில்லை.

ரோச் தலையைச் சொறிந்துகொண்டு விளக்கம் சொன்னார். "ஏமாற ஆள் இருந்தாத்தான் வே அது புளுகு. இவரு அஞ்சு தள்ளுனா பொய்னு தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்யில வானத்துக்கு என்ன வேலை?"

அதன் பிறகு ஊர் ஏமாறுவதற்கு ஆள் தேடி அலைந்தது. நம்புவதுபோல நடித்துப் பார்த்தார்கள். மேகம்கூட வரவில்லை. பஸ் நிலையத்தில் போய் நின்று, வெளியூர்க்காரர் யாராவது இறங்கினால், வெயிலுக்கு இளைப்பாறிவிட்டுப் போகலாமே என்று அழைத்து வந்து மேஜையில் உட்கார வைத்தார்கள். ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி இரண்டு தெருவுக்கு ஏமாந்தார். ஒரு லாரி டிரைவர் ஒரு தெருவுக்கு. பிறகு சிப்பித்துறையில் இறங்கினால் மக்ரூன் கொடுத்துச் சீட்டாட வைப்பார்கள் என்று பக்கத்து ஊர்களில் பேச்சாகி, ஆட்கள் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தார்கள்.

ஆவணியில், மழையால் இனித்திருந்த கிணறுகள் மறுபடி உப்பாகின. லாரியைக் கேட்டு நகராட்சிக்குப் போனவர்களிடம் எழுத்தர் அதே கோப்பைக் காட்டினார். இனி ஒரே வழிதான் என்று ஊர் பேசத் தொடங்கியது. மச்சாது தன்னிடமிருக்கும் இருநூறு சோழியையும் ஒரே கையில் வைத்து, யாராலும் நம்பாமல் இருக்க முடியாத ஒரு புளுகைப் புளுக வேண்டும். ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஏரி நிறையும். அளம் கடலோடு போகும், போனால் போகட்டும் என்றார்கள் குடக்காரர்கள். அளத்துக்காரர்கள் அன்றைக்கு மச்சாதுவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவோம் என்றார்கள்.

அந்த ஞாயிறு மன்றத்தில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் பிலோமியும் குடங்களும். மறுபக்கம் கோயில்பிள்ளை அண்ணாச்சியும் உப்பு வாரும் பெண்களும். மச்சாது உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் அண்ணாச்சி உட்காரப் போனபோது முத்துக்கனி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் ஆடுதேன் அண்ணாச்சி."

"உனக்கு என்னம்மா தெரியும் இதுல?"

"ஒண்ணும் தெரியாது. மழை வருமா வராதான்னு பாக்கத் தெரியும். இருபது வருசமா அதான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவள் உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி தன் இருநூறு சோழியை அவள் பக்கம் தள்ளி வைத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ரோச் சீட்டுப் போட்டார். ஆளுக்கு ஐந்து. மச்சாது தன் முன்னால் குப்புறக் கிடந்த சீட்டுகளின்மேல் கையை வைத்தார். எடுத்துப் பார்த்தால் நல்லது இருக்கும், அல்லது இருக்காது. இல்லாவிட்டால் புளுக வேண்டும், புளுகினால் எதிரே இருப்பவளுக்கு ஒரு வருடக் கூலி போகும். இருந்தால் புளுக முடியாது, அப்போது முதுகுக்குப் பின்னால் நிற்பவள் மூன்று மைல் நடப்பாள். தான் இத்தனை வருடமும் கவிழ்த்தது தோற்றுவிடுவோம் என்ற பயத்தால் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. யாரையாவது தோற்கடித்துவிடுவோமோ என்றுதான் பயந்திருக்கிறார்.

கையை எடுத்தார். சீட்டைத் திருப்பவில்லை. இருநூறு சோழியையும் இரண்டு கையாலும் அணைத்து நடுவே தள்ளினார்.

"பாக்காமலா?" என்றாள் முத்துக்கனி.

"பாக்காமத்தான்மா."

அவள் கண்ணை இடுக்கி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் பொய் இல்லை, உண்மையும் இல்லை. என்ன இருக்கிறது என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை. பிறகு அவளும் தன் சீட்டைத் தொடாமல் இருநூறு சோழியைத் தள்ளினாள்.

வெளியே கடலிலிருந்து ஒரு மேகம் கிளம்பியது. ஊரின் மேலும் அளத்தின் மேலும் பாய் விரித்ததுபோலப் பரவியது. காற்று அடங்கியது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். மேகம் அப்படியே நின்றது. பெய்யவுமில்லை, போகவுமில்லை.

கோயில்பிள்ளை அண்ணாச்சி சீட்டைத் திருப்பக் கையை நீட்டினார். ரோச் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யோசிச்சுச் செய்யும் அண்ணாச்சி. மச்சாது சீட்டு மட்டமா இருந்தா, தள்ளுனது அவ்வளவும் புளுகாயிரும். மூணு நாளைக்கு விடாது, உம்ம அளம் கடலுக்குள்ள போயிரும். நல்ல சீட்டா இருந்தா மேகம் கலைஞ்சிரும், ஐப்பசி வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. தெரியாதவரைக்கும் ரெண்டும் இல்ல."

அண்ணாச்சி கையை இழுத்துக்கொண்டார். குடக்காரர்களில் ஒருவர் கையை நீட்டினார், பிறகு அவரும் இழுத்துக்கொண்டார். மேஜையை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கதவைப் பூட்டிச் சாவியைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்தார்கள். மாதா பாதத்தில் வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னார்.

ஊர் அந்த மேகத்தின் கீழே வாழப் பழகியது. துணி காய இரண்டு நாள் ஆயிற்று. கருவாடு காயவே இல்லை. அளத்தில் உப்பு மெதுவாகப் பூத்தது. ஆனால் கல் பெரிதாக, கண்ணாடிபோல விழுந்தது என்று அண்ணாச்சி அதற்குத் தனி விலை வைத்தார். பாத்தியில் நின்றால் கால் சுடவில்லை, கண் கூசவில்லை. ஒரு நாள் முத்துக்கனி தெருவில் வந்தபோது பிலோமிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் கண்ணை முழுதாகத் திறந்திருந்தாள்.

மச்சாதுவுக்குச் சாப்பாடு இறங்கியது. ஒரு நாள் இரண்டாம் தடவை சோறு கேட்டார். பிலோமி பரிமாறிக்கொண்டே, "உள்ள என்ன சீட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எனக்கு மண்டை வெடிக்குது."

"கிரேன்ல சரக்கைத் தூக்கிட்டா, கப்பலுக்கும் தரைக்கும் நடுவுல கொஞ்ச நேரம் தொங்கும் பிலோமி. இறக்குற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்."

பிலோமி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "தொங்குற சரக்கைக் குடிக்க முடியாது," என்றாள்.

மேகம் நிழல் தந்தது, தண்ணீர் தரவில்லை. அது யாருக்கும் புதிய செய்தி இல்லை. ஆனால் மூன்று வாரமாக எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் அதைச் சொல்லாமல் இருந்தார்கள். அடுத்த நாள் காலையில் பிலோமி புடவையை மாற்றிக்கொண்டு, முத்துக்கனியையும் கூட்டிக்கொண்டு, ஒரு காலிக் குடத்தோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் கோப்பை எடுப்பதற்குள் அவரைத் தாண்டிப்போய் ஆணையரின் அறைக் கதவைத் திறந்தாள்.

ஆணையரின் மேஜைமேல் பத்திரிகைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. அவருடைய மகளுக்கு வருகிற புதன்கிழமை பள்ளி மைதானத்தில் கல்யாணம், பந்தல் ஐந்நூறு பேருக்குப் போட்டிருந்தார்கள். பிலோமி ஒரு பத்திரிகையை எடுத்து, நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, மறுபடி அடுக்கில் வைத்தாள்.

"நாளைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வரணும் சார். அளத்துக் குடிசைக்கும் வரணும். இனிமே நாலு நாளைக்கு ஒரு தரம் வரணும்."

"அதுக்கு மாற்று ஏற்பாடு இருக்கேம்மா. கோப்பு…"

"வரலேன்னா புதன்கிழமை காலையில எங்க வீட்டுக்காரரு சீட்டைத் திருப்பிருவாரு."

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல என்ன சீட்டு இருக்குன்னு யாருக்குமே தெரியாதுன்னுதானே சொல்றாங்க."

"யாருக்கும் தெரியாதுதான். வாரா வாரம் மாதாகோயில் பெருக்குறது நான். சாவி மாதா பாதத்துல இருக்கு."

அவள் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. ஆணையர் முத்துக்கனியைப் பார்த்தார். முத்துக்கனி தன் பெரிய கண்களால் அவரைத் திரும்பப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார். அது பந்தலுக்கு நேர் மேலே, தாழ்ந்து, வயிறு கறுத்து நின்றது.

"எத்தனை நாளைக்குப் பெய்யும்?" என்று மெல்லக் கேட்டார்.

"மூணு," என்றாள் பிலோமி.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. மேகம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு துளிகூட விழவில்லை. மச்சாது காப்பியைத் தொட்டுப் பார்க்க மறந்து ஒரு வாய் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒன்றல்ல, இரண்டு லாரிகள். ஒன்று அளத்துப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நடந்ததை முத்துக்கனி வழியாகத் தெரு முழுவதும் கேட்டிருந்தது. அவரும் கேட்டிருந்தார்.

பிலோமி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"நிசமாவே போய்ப் பாத்தியா?" என்றார் மச்சாது, யாருக்கும் கேட்காதபடி. "என்ன சீட்டு?"

அவர் அவள் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். இருபத்தொன்பது வருடமாகத் தெரிந்த முகம். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வரிசை நகருது," என்றாள் பிலோமி. "அந்தப் பெரிய குடத்தை எடுங்க."